கண்டிராத துணிக்கைகளுக்கு ஏன் பெயர் வைக்கிறார்கள்? கரும்பொருளைப் பற்றி ஒரு மாணவிக்கு எழுதிய பதில்

திருகோணமலையில் உயர்தரக் கணிதப் பிரிவில் படிக்கும் மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு கரும்பொருள் என்கிறார்கள். அது விம்ப், அக்சியன், மலட்டு நியூத்திரினோ போன்ற துணிக்கைகளால் ஆனதாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். இவற்றில் ஒன்றைக்கூட எவரும் கண்டதில்லை. தெரியாத ஒன்றை விளக்குவதற்குக் காணாத துணிக்கைகளைக் கற்பித்துக்கொள்வது விஞ்ஞானமாகுமா? இவற்றில் எதை நம்பலாம்?"

பெயர் வைப்பது மட்டும் விஞ்ஞானமாகாது என்பதில் உங்களுடன் முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் நீங்கள் குறிப்பிட்ட துணிக்கைகள் ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருள் என்ற வெற்றிடத்தை நிரப்புவதற்காக வெறுமனே புனையப்பட்டவை அல்ல. அக்சியன் அணுக்கருவுக்குள் இருந்த ஒரு புதிரிலிருந்து பிறந்தது. மலட்டு நியூத்திரினோ, மின்னேற்றமற்ற மிக இலேசான துணிக்கையான நியூத்திரினோவுக்குத் திணிவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. விம்ப் வகையில் அதிகம் ஆராயப்பட்ட துணிக்கை, அறிந்த ஒவ்வொரு துணிக்கைக்கும் ஒரு துணைத் துணிக்கை உண்டு என்னும் மீச்சமச்சீர்க் கோட்பாட்டிலிருந்து வந்தது. வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்ட ஒன்று, கணக்குப் போட்டுப் பார்த்தபோது கரும்பொருளின் அளவுக்கும் பொருந்திப்போனது என்பதே இவற்றின் பலம். அதைவிட முக்கியமானது, ஒவ்வொன்றும் தன்னை எங்கே, எப்படித் தேட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அங்கே தேடி அது இல்லை என்று கண்டால் அந்தக் கருத்தின் ஒரு பகுதி உண்மையாகவே வீழ்கிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் அப்படிப் பல பகுதிகள் வீழ்ந்திருக்கின்றன.

முதலில், கரும்பொருள் எந்தத் துணிக்கை என்று தெரியாவிட்டாலும் அதன் குணங்கள் பல தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும். 1933இல் பிரிட்ஸ் சுவிக்கி என்ற வானியலாளர் கோமா பேரடைக் கொத்திலுள்ள பேரடைகள் (நமது பால்வீதி போன்ற பெரும் விண்மீன் தொகுதிகள்) அசையும் வேகத்தை ஆராய்ந்தபோது, கண்ணுக்குத் தெரியும் திணிவின் ஈர்ப்பு அந்த வேகத்தைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கப் போதாது என்று கண்டார். 1970இல் வேரா ரூபினும் கென்ற் போர்ட்டும் அன்ட்ரோமீடாப் பேரடை சுழலும் வேகத்தை அளந்தார்கள். சூரியனிலிருந்து தொலைவு கூடக்கூடக் கோள்களின் வேகம் குறைவதுபோல, பேரடையின் வெளிப்புறத்திலும் வேகம் குறைய வேண்டும். அது குறையவில்லை. நீங்கள் வகுப்பில் வட்ட இயக்கத்துக்கு எழுதும் அதே சமன்பாட்டை வைத்தே, வெளிச்சமற்ற திணிவு அங்கே பரந்து கிடக்கிறது என்ற முடிவுக்கு வரலாம். பிற்காலத்தில், ஆரம்பப் பிரபஞ்சத்திலிருந்து எஞ்சிய ஒளியான பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சை அளந்த பிளாங்க் விண்கலத்தின் தரவுகள், பிரபஞ்சத்தின் மொத்தச் சக்தியில் சாதாரணப் பொருள் சுமார் 5 வீதம், கரும்பொருள் சுமார் 27 வீதம், மீதி பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் கூட்டும் கருஞ்சக்தி என்று காட்டின.

அந்தத் திணிவு ஏன் அணைந்துபோன விண்மீன்களாகவோ குளிர்ந்த வாயுவாகவோ இருக்கக் கூடாது என்று கேட்கலாம். பிரபஞ்சம் தோன்றிய முதல் சில நிமிடங்களில் உருவான டியூத்திரியத்தினதும் ஈலியத்தினதும் அளவு, புரோத்தன்களும் நியூத்திரன்களும் மொத்தம் எவ்வளவு இருந்தன என்பதைப் பொறுத்தது. இன்று நாம் காணும் டியூத்திரியத்தின் அளவு அந்த 5 வீதத்துக்கே பொருந்துகிறது. ஆகவே கரும்பொருள் அணுக்களால் ஆனதல்ல. அதற்கு மின்னேற்றம் இல்லை, அல்லது இருந்தால் மிக மிகச் சிறிது. பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளாக அது அழியாமல் இருக்கிறது. இரண்டு பேரடைக் கொத்துகள் மோதிய இடங்களில், வாயு நடுவே தடைப்பட்டு நிற்க, கரும்பொருள் ஒன்றையொன்று ஊடுருவி அப்பால் போய்விட்டதாக ஈர்ப்பு வில்லை அளவீடுகள் (திணிவு ஒளியை வளைப்பதை வைத்து அதை அளப்பவை) காட்டுகின்றன. 2006இல் வெளியான புல்லட் கொத்து பற்றிய ஆய்வு இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. ஈர்ப்பு விதியையே திருத்தலாம் என்று 1983இல் மோர்டெகாய் மில்குரோம் முன்வைத்த யோசனையை நான் அலட்சியப்படுத்தவில்லை. தனித்தனிப் பேரடைகளின் சுழற்சியை அது வியக்கத்தக்க அளவுக்கு விளக்குகிறது. ஆனால் பேரடைக் கொத்துகளிலும் பின்னணிக் கதிர்வீச்சிலும் அது தடுமாறுகிறது என்பதால், துணிக்கை என்ற விளக்கத்தையே நான் ஏற்கிறேன்.

இனி, அது நம்மைச் சுற்றி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். பால்வீதியில் சூரியன் இருக்கும் பகுதியில் கரும்பொருளின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.3 கிகா இலத்திரன்வோல்ற்று. அதாவது மூன்று கன சென்ரிமீற்றருக்கு ஒரு புரோத்தனின் திணிவு. இந்த அடர்த்தியைப் பூமியின் கனவளவால் பெருக்கிப் பாருங்கள்: எந்தக் கணத்திலும் பூமி முழுவதற்குள்ளும் இருக்கும் கரும்பொருளின் திணிவு அரைக்கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். கடையில் வாங்கும் ஒரு சீனிப் பைக்கு மேல் இல்லை. இவ்வளவு மெல்லியதாக இருந்தும் பேரடை முழுவதும் பரந்திருப்பதால்தான் விண்மீன்களின் ஓட்டத்தையே அது ஆள்கிறது.

அந்த அரைக்கிலோவை எத்தனை துணிக்கைகள் பகிர்ந்துகொள்கின்றன என்பதில்தான் கருதுகோள்கள் வேறுபடுகின்றன. துணிக்கை ஒவ்வொன்றும் நூறு புரோத்தன் திணிவுடைய விம்ப் என்றால், உங்கள் மேசையில் இருக்கும் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்குள் இந்தக் கணத்தில் மூன்று துணிக்கைகள் இருக்கும். அதுவே ஓர் இலத்திரன்வோல்ற்றின் பத்து இலட்சத்தில் மூன்று பங்கு திணிவுடைய அக்சியன் என்றால், ஒரேயொரு கன சென்ரிமீற்றரில் ஏறத்தாழ ஒரு கோடி கோடி துணிக்கைகள் இருக்கும். முதலாவதைத் தனித்தனி மோதலாகத் தேட வேண்டும். இரண்டாவது தனித்தனித் துணிக்கையாக நடந்துகொள்ளாது. அதன் டி புரோய் அலைநீளத்தைக் கணக்கிட்டால் சுமார் 400 மீற்றர் வரும். அது நம்மைச் சூழ்ந்து அதிரும் ஓர் அலை. ஆகவே இரண்டையும் தேடும் கருவிகளுக்குள் ஒற்றுமையே கிடையாது.

விம்ப் என்பது 'வலுக்குறைவாக இடைவினை புரியும் கனமான துணிக்கை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அதன் கவர்ச்சி ஓர் எளிய கணக்கில் இருக்கிறது. ஆரம்பப் பிரபஞ்சத்தின் கடும் வெப்பத்தில் இத்துணிக்கைகள் சோடிசோடியாகத் தோன்றி, சோடிசோடியாக அழிந்தன. வெப்பம் குறைந்ததும் புதிதாகத் தோன்றுவது நின்றது. அழிவது மட்டும் தொடர்ந்தது. ஆனால் பிரபஞ்சம் விரிந்துகொண்டே போனதால், ஒரு கட்டத்தில் ஒரு துணிக்கை தன் இணையைச் சந்திப்பதே அரிதாயிற்று. எஞ்சியவை அப்படியே எஞ்சிவிட்டன. எவ்வளவு எஞ்சும் என்பது, சந்தித்தால் அழியும் நிகழ்தகவைப் பொறுத்தது. அந்த நிகழ்தகவுக்கு, பீற்றாத் தேய்வுக்குக் காரணமான மென்விசையின் வலிமையை இட்டுப் பார்த்தால், இன்று நாம் அளக்கும் கரும்பொருளின் அளவுக்கு மிக அருகே விடை வருகிறது. 1977இல் பெஞ்சமின் லீயும் ஸ்டீவன் வைன்பேர்க்கும் கனமான நியூத்திரினோ ஒன்றுக்கு இவ்வகைக் கணக்கைச் செய்தார்கள். பின்னர் மீச்சமச்சீர்க் கோட்பாடு முன்னுரைத்த நியூத்திரலினோ என்ற துணிக்கைக்கும் அது அழகாகப் பொருந்தியதால், பல பௌதிகவியலாளர்கள் இதுவே விடை என்று நம்பினார்கள். இந்தப் பொருத்தத்தை 'விம்ப் அற்புதம்' என்றே அழைத்தார்கள். நானும் இளமையில் அந்த நம்பிக்கையோடுதான் இதைப் படித்தேன். ஆனால் அந்தக் கணக்கு, சில புரோத்தன் திணிவிலிருந்து ஏறத்தாழ நூறாயிரம் புரோத்தன் திணிவு வரை பரந்த ஒரு வெளிக்கு இடம் கொடுக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதைப் பிடிப்பதற்குக் கட்டப்பட்ட கருவிகளில் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில், முன்பு தங்கம் தோண்டிய ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில், நிலத்துக்குக் கீழே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில் லக்ஸ்-செப்ளின் என்ற கருவி இருக்கிறது. அதில் 10 தொன் திரவச் செனன் உண்டு. மையப் பகுதியில் இருக்கும் 7 தொன்னே உணரும் பகுதி. வெப்பநிலை ஏறத்தாழ −100 பாகை செல்சியஸ். விம்ப் ஒன்று செனன் கரு ஒன்றில் முட்டினால், பில்லியட் பந்துபோல அந்தக் கரு சற்றே பின்னடையும். அந்தப் பின்னடைவில் மெல்லிய புற ஊதா ஒளி மின்னும். அதே வேளையில் சில இலத்திரன்கள் கழன்று, மின்புலத்தால் மேலே இழுக்கப்பட்டு, திரவத்துக்கு மேலுள்ள வாயுப் படலத்தை அடைந்ததும் இரண்டாவது ஒளியை உண்டாக்கும். இரண்டு ஒளிகளுக்கும் இடையிலான நேரம், மோதல் எவ்வளவு ஆழத்தில் நடந்தது என்று சொல்லும். இரண்டின் பிரகாச விகிதம், முட்டப்பட்டது அணுக்கருவா அல்லது சுற்றியுள்ள இலத்திரனா என்று சொல்லும். காமாக் கதிர்களும் பீற்றாத் துணிக்கைகளும் பெரும்பாலும் இலத்திரனையே முட்டும் என்பதால், போலி அடையாளங்களில் பெரும்பகுதியை இந்த ஒரே சோதனையால் தள்ளிவிடலாம். இத்தனை எளிய தருக்கத்தில் இவ்வளவு நுட்பமான கருவி அமைந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஆழத்துக்குப் போவது, வானத்திலிருந்து பொழியும் அண்டக் கதிர்களைப் பாறையால் தடுப்பதற்காக. அதற்குப் பிறகும் கருவியின் சுவரிலும் திருகாணியிலும் பசையிலும் இருக்கும் யுரேனியமும் தோரியமும் தொல்லை கொடுக்கும். நமது மாவட்டத்தின் வடக்கே புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணலை நீங்கள் பார்த்திருக்கலாம். இல்மனைற்று, உருத்தைல், சேர்க்கன் என்பவற்றோடு அதில் சிறிதளவு மொனசைற்றும் உண்டு. மொனசைற்றில் தோரியம் இருக்கிறது. நம் உடலை எதுவும் செய்யாத அளவு கதிர்த்தொழிற்பாடுகூட, இப்படிப்பட்ட ஒரு கருவிக்குள் நுழைந்தால் காதைச் செவிடாக்கும் இரைச்சலாகிவிடும். அதனால்தான் ஒவ்வோர் உதிரிப் பாகத்தையும் தனித்தனியே சோதித்தே உள்ளே வைக்கிறார்கள்.

விடை என்ன? 280 நாள் தரவுகளை வைத்து 2024இல் லக்ஸ்-செப்ளின் குழு வெளியிட்ட முடிவின்படி விம்ப் எதுவும் தென்படவில்லை. நாற்பது புரோத்தன் திணிவை ஒட்டிய விம்ப் இருக்குமானால், ஒரு புரோத்தனோ நியூத்திரனோ அதற்குக் காட்டும் பயனுறு பரப்பு ஏறத்தாழ 2.2 × 10⁻⁴⁸ சதுர சென்ரிமீற்றரை விடச் சிறியதாகவே இருக்க வேண்டும். இது ஒரு புரோத்தனின் உண்மையான குறுக்குப் பரப்பை 10²² பங்காக்கி அதில் ஒன்றை எடுப்பதற்குச் சமம். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்குக் கீழே இயங்கும் செனன்-என்டி, சீனாவின் ஜின்பிங் ஆய்வுகூடத்தில் இயங்கும் பாண்டா-எக்ஸ் என்பவையும் அதே மௌனத்தையே அறிவித்திருக்கின்றன. இந்த இரண்டும் 2024இல் வேறொன்றைக் கண்டன: சூரியனில் போரன்-8 தேய்வதால் வரும் நியூத்திரினோக்கள் செனன் கருக்களைத் தட்டும் முதல் அடையாளம். கருவி எவ்வளவு கூர்மையாகிவிட்டது என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த நியூத்திரினோக்களின் தட்டலும் விம்பின் தட்டலும் ஒரே மாதிரி இருப்பதால், இதற்கு மேல் போகும் வழி மூடுபனிக்குள் நடப்பதுபோல ஆகிவிடும். ஜெனீவாவில் புரோத்தன்களை மோதவிடும் பெரும் மோதுவியிலும் நியூத்திரலினோ வெளிப்படவில்லை. விம்ப் என்ற கருத்து செத்துவிட்டது என்று சொல்வது அவசரம். ஆனால் அதன் எளிய, அழகான வடிவங்கள் பல கைவிட்டுப் போய்விட்டன என்பதை ஏற்கத்தான் வேண்டும்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் போக முடியாது. சூரியன் பால்வீதியைச் சுற்றி செக்கனுக்கு ஏறத்தாழ 230 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. ஆகவே நமக்கு எதிரே ஓயாமல் ஒரு கரும்பொருட் காற்று வீசுவதாகக் கொள்ளலாம். கச்சான் அடிக்கும் காலத்தில் நகரிலிருந்து கன்னியாப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு எதிர்காற்றின் கணக்கு உடம்பாலேயே தெரியும்: மிதிக்கும் வேகம் கூடினால் முகத்தில் அறையும் காற்றும் கூடும், திரும்பி வரும்போது காற்று இருக்கிறதா என்றே தோன்றாது. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் செக்கனுக்கு 30 கிலோமீற்றர். அதன் பாதை சாய்ந்திருப்பதால் அதில் ஏறத்தாழ பாதிதான் சூரியனின் வேகத்தோடு கூடிக் கழிகிறது. அந்தக் கூட்டல் யூன் மாத ஆரம்பத்தில் உச்சத்தையும் டிசம்பரில் தாழ்வையும் அடையும். கரும்பொருள் மோதல்களும் அதே தாளத்தில் ஏறி இறங்க வேண்டும். கிரான் சாசோவில் சோடியம் அயடைட்டுப் பளிங்குகளைக் கொண்டு இயங்கிய டாமா குழு, அப்படியொரு ஏற்ற இறக்கத்தைத் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து தொடர்ந்து அறிவித்துவந்தது. உச்சமும் சரியாக யூன் தொடக்கத்தை ஒட்டியே வந்தது. ஆனால் செனன் கருவிகள் எதுவும் அதற்கு இசையவில்லை. வெவ்வேறு பொருள் என்பதால் ஒப்பிட முடியாது என்ற வாதத்தைத் தீர்ப்பதற்காக, ஸ்பெயினில் அனைஸ் குழுவும் தென் கொரியாவில் கோசைன் குழுவும் அதே சோடியம் அயடைட்டுப் பளிங்கை வைத்தே அளந்தன. டாமா சொன்ன ஏற்ற இறக்கத்தை அவை காணவில்லை. டாமாவின் அளவீட்டுக்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் ஒரு குழுவின் கூற்றைச் சரிபார்ப்பதற்காக வேறு இரண்டு நாடுகள் ஆண்டுக்கணக்கில் உழைத்தன என்பதை, கற்பனையா விஞ்ஞானமா என்று கேட்ட நீங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அக்சியனுக்கு வருவோம். என் மனம் இதன் பக்கமே சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புரோத்தனுக்குள்ளும் நியூத்திரனுக்குள்ளும் இருக்கும் குவாக்குகளைப் பிணைக்கும் வலுவிசையின் கோட்பாட்டில் ஒரு கோணம் வருகிறது. அதன் பெறுமானம் எதுவாகவும் இருக்கலாம். அது பூச்சியமாக இல்லாவிட்டால், நியூத்திரனுக்குள் நேரேற்றமும் மறையேற்றமும் சற்றே விலகி நின்று, நியூத்திரன் ஒரு மின் இருமுனையாக நடந்துகொள்ள வேண்டும். பல பத்தாண்டுகளாக அளந்தும் அப்படி எந்த விலகலும் தென்படவில்லை. இன்றைய அளவீடுகளின்படி அந்தக் கோணம் 1,000 கோடியில் ஒரு பங்கை விடச் சிறியது. எதுவாகவும் இருக்கக்கூடிய ஒன்று ஏன் இப்படிப் பூச்சியத்தில் போய் நிற்க வேண்டும்?

கோணேசர் கோயிலிலோ உங்கள் ஊர்க் கோயிலிலோ சங்கிலியில் தொங்கும் தூண்டாமணி விளக்கை நினைத்துப் பாருங்கள். அது நிலத்துக்கு மிகச் சரியான செங்குத்தில் நிற்பதைக் கண்டு நாம் வியப்பதில்லை. யாரும் கோணமானி வைத்து அதை நிறுத்தவில்லை. அசையக்கூடிய சங்கிலியில் தொங்குவதால் ஈர்ப்பே அதை அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. 1977இல் றொபேர்ட்டோ பெச்சேயும் ஹெலன் குவினும் சொன்னதன் சாரம் இதுதான்: அந்தக் கோணம் மாறாத எண் அல்ல; அசையக்கூடியது; மிகக் குறைந்த சக்தியுள்ள இடம் பூச்சியம் என்பதால் தானாகவே அங்கு போய்ச் சேர்ந்தது. தொங்கும் விளக்கு என்றால் அது ஆடவும் வேண்டும். அந்த ஆட்டமே ஒரு புதிய துணிக்கை என்று 1978இல் ஸ்டீவன் வைன்பேர்க்கும் பிராங்க் வில்செக்கும் தனித்தனியே சுட்டிக்காட்டினார்கள். ஒரு கறையைக் கழுவித் துடைக்கும் துணிக்கை என்பதால், சலவைப் பொருள் ஒன்றின் பெயரான அக்சியன் என்பதையே வில்செக் அதற்குச் சூட்டினார்.

அவர்கள் முதலில் கருதிய அக்சியன் சற்றுக் கனமானது. பரிசோதனைகள் அதைச் சில ஆண்டுகளிலேயே மறுத்துவிட்டன. அதன் பின்னர் மிக இலேசான, பொருளோடு மிக அரிதாகவே இடைவினை புரியும் வடிவங்கள் முன்வைக்கப்பட்டன. ஆரம்பப் பிரபஞ்சத்தில் அந்த 'விளக்கு' ஏதோவொரு கோணத்திலிருந்து ஆடத் தொடங்கி, அந்த ஆட்டம் முற்றாக அடங்காமல் இன்றும் மிச்சமிருந்தால், அந்த மிச்சம் குளிர்ந்த கரும்பொருளாகவே நடந்துகொள்ளும் என்று 1983இல் மூன்று குழுக்கள் தனித்தனியே காட்டின. கரும்பொருளைத் தேடிப் போகாதவர்களின் கையில் கரும்பொருள் வந்து விழுந்த இடம் இது.

அதே 1983இல் பியர் சிக்கிவி தேடும் முறையைச் சொன்னார். வலிமையான காந்தப் புலத்துக்குள் அக்சியன் நுண்ணலைப் போட்டனாக மாறக்கூடும். அந்தப் போட்டனின் மீடிறன் அக்சியனின் திணிவால் தீர்மானிக்கப்படும். அந்த மீடிறனுக்குச் சுருதி சேர்த்த உலோகப் பெட்டி ஒன்று உள்ளே இருந்தால் அந்த மாற்றம் வலுப்பெறும். சியாற்றிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஏடிஎம்எக்ஸ் இதைத்தான் செய்கிறது. ஏறத்தாழ 8 தெசுலாக் காந்தத்துக்குள் ஒரு செப்புப் பெட்டி. அதனுள்ளே செப்புத் தண்டுகள். அவற்றை மிகச் சிறிது நகர்த்தினால் பெட்டியின் மீடிறன் மாறும். ஒரு மீடிறனில் நிறுத்தி, காத்திருந்து கேட்டு, ஒன்றும் இல்லையென்றால் மயிரிழையளவு நகர்த்தி மறுபடியும் கேட்கிறார்கள். திருகோணமலைக்கு அருகே ஜேர்மனியின் டொய்ச்ச வெலெ வானொலி நெடுங்காலம் சிற்றலை அஞ்சல் நிலையமொன்றை நடத்தியதால், சிற்றலை என்ற சொல் நம் ஊரில் பழகிய சொல். பழைய சிற்றலை வானொலியின் குமிழைத் திருகி, இரைச்சலுக்குள் ஒரு குரலைத் தேடிய அனுபவம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நிச்சயம் இருக்கும். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வேறுபாடு என்னவென்றால், இங்கே எதிர்பார்க்கப்படும் சைகையின் வலு 10⁻²³ உவாற்று அளவிலேயே இருக்கும். அதனால் பெட்டியைத் தனிப்பூச்சியத்துக்கு ஒரு பாகையிலும் குறைவான வெப்பநிலைக்குக் குளிர்விக்கிறார்கள்.

2018இல் ஏடிஎம்எக்ஸ் வெளியிட்ட முடிவு 645 மெகா ஹேர்ட்ஸை ஒட்டிய ஒரு சிறு கீற்றைப் பற்றியது. அந்தக் கீற்றில் அக்சியன் கேட்கவில்லை. ஆனால் கோட்பாடு சொல்லும் அக்சியன் அங்கே இருந்திருந்தால் நிச்சயம் கேட்டிருக்கும் என்று சொல்லுமளவுக்குக் கருவி கூர்மையடைந்தது அதுவே முதல் தடவை. குமிழின் மிகப் பெரும் பகுதி இன்னும் திருகப்படாமலேயே இருக்கிறது. விம்புக்குரிய வெளி கணிசமாகத் தேடப்பட்டுவிட்டது. அக்சியனுக்குரிய வெளி இப்போதுதான் திறந்திருக்கிறது. நான் இதன் பக்கம் சாய்வதற்கு இது ஒரு காரணம். மற்றது, கரும்பொருள் என்ற ஒன்றே இல்லாதிருந்தாலும் நியூத்திரனின் புதிருக்கு அக்சியன் தேவைப்பட்டிருக்கும் என்பது.

மலட்டு நியூத்திரினோவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரண நியூத்திரினோவே கரும்பொருளாக இருக்கலாமே என்ற எண்ணம் முன்பு இருந்தது. மின்னேற்றம் இல்லை, எங்கும் நிறைந்திருக்கிறது, திணிவும் உண்டு. ஆனால் அதன் திணிவு மிகச் சிறியது. அதனால் ஆரம்பத்தில் ஒளிவேகத்தை ஒட்டி ஓடி, பேரடைகள் உருவாவதற்கு வேண்டிய சிறு சிறு திரட்சிகளை அழித்திருக்கும். கரும்பொருள் மெதுவாக அசைவதாக இருக்க வேண்டும். மறுபுறம், மற்ற அடிப்படைப் பொருட்துணிக்கைகளுக்கெல்லாம் அசையும் திசையோடு ஒப்பிட்ட சுழற்சியைப் பொறுத்து இடக்கை, வலக்கை என இரு வடிவங்களும் இருக்க, நியூத்திரினோவுக்கு இடக்கை வடிவம் மட்டுமே காணப்பட்டிருக்கிறது. நியூத்திரினோவுக்குத் திணிவு உண்டு என்று 1998இல் ஜப்பானின் சுப்பர் கமியோகண்டே காட்டியதன் பின்னர், விடுபட்ட அந்த வலக்கைத் துணையைத் தேடுவது இயல்பே. மென்விசைகூட அதைத் தொடாது என்பதால் 'மலட்டு' என்ற அடைமொழி. அது சில ஆயிரம் இலத்திரன்வோல்ற்றுத் திணிவுடையதாக இருந்தால் கரும்பொருளாகலாம் என்று 1994இல் ஸ்கொட் டொடெல்சனும் லோரன்ஸ் விட்ரோவும் காட்டினார்கள். அது மிக மெதுவாகத் தேய்ந்து, தன் திணிவில் பாதிச் சக்தியுள்ள எக்ஸ் கதிரை வெளியிடும். 2014இல் பேர்சியஸ் உள்ளிட்ட பேரடைக் கொத்துகளிலிருந்து 3.5 கிலோ இலத்திரன்வோல்ற்றில் விளக்கமில்லாத எக்ஸ் கதிர்க் கோடு ஒன்று தெரிவதாக இரண்டு குழுக்கள் அறிவித்தபோது, 7 கிலோ இலத்திரன்வோல்ற்று நியூத்திரினோ அகப்பட்டுவிட்டதோ என்ற பரபரப்பு எழுந்தது. 2016இல் ஏவப்பட்டு விரைவிலேயே செயலிழந்த ஜப்பானின் ஹிட்டோமி விண்கலம், அதற்குள் பேர்சியஸைப் பார்த்திருந்தது. அது அந்தக் கோட்டை உறுதிப்படுத்தவில்லை. வெற்று வானத்தைப் பார்த்த பழைய எக்ஸ் கதிர்த் தரவுகளிலும் எதிர்பார்த்த அளவில் அது இல்லை என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. என் மதிப்பீட்டில் அந்தக் கோட்டை வைத்து இனி எதையும் கட்ட முடியாது.

இவற்றுக்கு அப்பாலும் கருதுகோள்கள் உண்டு. ஒளியின் இருண்ட உறவாகக் கருதப்படும் கரும்போட்டன், ஈர்ப்பின் மீச்சமச்சீர்த் துணையான கிராவிற்றினோ, ஒரு பேரடையளவு அலைநீளம் கொண்ட அதியிலேசான துணிக்கை என்று பட்டியல் நீளும். முன்மொழியப்பட்ட திணிவுகள், மிக இலேசானதிலிருந்து மிகக் கனமானது வரை, ஏறத்தாழ ஐம்பது பதின்மடங்குகளுக்கு, அதாவது 10⁵⁰ மடங்கு வரை, பரந்துகிடக்கின்றன. அவற்றுள் சில, உங்கள் கேள்வியின் கடுமைக்கு உண்மையிலேயே தகுதியானவை: வேறெந்தப் புதிரையும் தீர்க்காமல், எந்தப் பரிசோதனையாலும் மறுக்க முடியாதபடி அமைந்தவை. அவற்றை நான் மாணவர்களுக்குச் சிபாரிசு செய்வதில்லை.

காணாத துணிக்கையை முன்மொழிவதைப் பற்றி இன்னொன்று. பீற்றாத் தேய்வில் சக்தி காணாமற்போவதை விளக்க 1930இல் வொல்ப்காங் பவுலி நியூத்திரினோவை முன்மொழிந்தபோது, பிடிக்கவே முடியாத துணிக்கையொன்றைச் சொல்லிவிட்டதாக அவருக்கே மனவருத்தம் இருந்தது. 1956இல் பிரெடெரிக் ரைன்ஸும் கிளைட் கோவனும் அணு உலை ஒன்றின் அருகே அதைப் பிடித்தார்கள். இந்தக் கதை கரும்பொருள் அகப்படும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. ஆனால் இருபத்தாறு ஆண்டுகளின் இடைப்பட்ட காலத்தில் நியூத்திரினோ கற்பனையாக இருக்கவில்லை. கணக்கால் இறுக்கப்பட்ட ஒரு கூற்றாக இருந்தது.

உங்கள் கேள்வியில் மிகக் கடினமான பகுதி ஒன்று மறைந்திருக்கிறது. கரும்பொருள் ஈர்ப்பைத் தவிர வேறெந்த விசையாலும் நம்மோடு தொடர்புகொள்ளாத துணிக்கையாக இருந்தால் என்ன செய்வது? அப்போது சுரங்கத்துச் செனனும் சியாற்றிலின் செப்புப் பெட்டியும் எந்நாளும் மௌனமாகவே இருக்கும். வானம் மட்டுமே துணை. ஆனாலும் வழி அடைபட்டுவிடாது. விம்ப் போன்ற குளிர்ந்த துணிக்கை பூமியின் திணிவளவு சிறிய திரள்களைக்கூட உண்டாக்கும். மலட்டு நியூத்திரினோ அவ்வளவு சிறியவற்றை உருவாக விடாது. அதியிலேசான அலைத் துணிக்கை அவற்றை மேலும் கரைத்துவிடும். ஆகவே விண்மீனே இல்லாத, வெறும் கரும்பொருளாலான சிறு திரள்கள் எத்தனை என்று எண்ண முடிந்தால், துணிக்கையின் திணிவைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். பால்வீதியைச் சுற்றி, சிதைந்துபோன விண்மீன் கொத்துகளின் விண்மீன்கள் நீண்ட இழைகளாக நீள்கின்றன. அந்த இழைகளை ஊடறுத்து ஒரு கரும்பொருள் திரள் கடந்தால் அங்கே ஓர் இடைவெளி விழும். 2025இல் தன் முதற்படங்களை வெளியிட்ட, சிலியிலுள்ள வேரா ரூபின் வானோக்கு நிலையம் இத்தகைய மெல்லிய இழைகளைப் பெருந்தொகையில் காட்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஜிடி-1 என்ற இழையில் ஏற்கெனவே ஓர் இடைவெளியும் அதன் அருகே பக்கவாட்டில் விலகிய ஒரு முளையும் தெரிகின்றன. பல இலட்சம் சூரியத் திணிவுக்கு மேற்பட்ட, நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதை ஊடறுத்துப் போனதாகக் கொண்டால் அந்த வடிவம் பொருந்துகிறது. அந்த இடத்தில் அதற்குப் பொருத்தமான விண்மீன் கொத்து எதுவும் இதுவரை அடையாளம் காணப்படவில்லை.